மாடிப் போர்ஷனும் இரண்டாவது பிளாட்டும்

மாதச் சம்பளக் குடும்பங்களில், குடியிருக்கும் வீட்டின் கடன் பாதி அடைந்ததும் அடுத்த பேச்சு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன? வாடகையே தவணையைக் கட்டிவிடும், கடன் முடிந்தால் வீடு மிச்சம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று ஆயிற்று என்று உறவினர்கள் சொல்வார்கள். பில்டரின் விற்பனையாளரும் அதையே சொல்வார், வங்கியின் கடன் பிரிவும் அதையே சொல்லும். இது முழுப் பொய் அல்ல. ஆனால் இதில் எது உண்மை, எது கணக்கில் நிற்காது என்று பிரித்துப் பார்க்காமலே இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை ஈட்டித் தருவது கட்டடம். காலப்போக்கில் விலை ஏறுவது அதன் கீழே கிடக்கும் நிலம். கட்டடம் வருடா வருடம் பழசாகும். நிலம் ஒரு பைசா வாடகை தராது. புறநகரில் கடனுக்கு பிளாட் வாங்குகிறவர் நிலத்துக்கும் சேர்த்துப் பெரிய விலை கொடுக்கிறார், ஆனால் கையில் கிடைப்பது கொஞ்சம் நிலமும் தேய்ந்துபோகும் கட்டடமும்தான். நம் ஊர்களில் சொந்த மனையில் வீட்டின் மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும் பழைய வழக்கம் இதைவிட உறுதியான கணக்கில் நிற்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். சென்னைப் புறநகரில், தாம்பரத்துக்குத் தெற்கே 950 சதுர அடியில் இரண்டு படுக்கையறை பிளாட், சில வருடங்கள் பழையது, விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மறுவிற்பனைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5,40,000 ரூபாய். தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 60,000. குடிவருகிறவர்கள் எதிர்பார்க்கும் அலமாரி, கொசுவலை, மின்விசிறி, கீசர், பெயின்ட் எல்லாவற்றுக்கும் இரண்டரை லட்சம். சாவி கைக்கு வரும்போது செலவு 60 லட்சம் இல்லை, 68.5 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே கடன் 48 லட்சம், கைப்பணம் 20.5 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய்.

வாடகை 18,000 என்று கொள்வோம். சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புப் பணத்தைக் குடியிருப்பவரே கட்டுகிறார் என்று சாதகமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும் காலத்தைச் சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் என்று கழித்தால், பதினொரு மாத வாடகை 1,98,000. சொத்து வரி, குடிநீர் வரிக்கு 8,000. குழாய், மோட்டார், கசிவு, இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை பெயின்ட், இவற்றையெல்லாம் பரப்பிப் போட்டால் வருடத்துக்கு 20,000. மிஞ்சுவது 1,70,000. போட்ட 68.5 லட்சத்துக்கு இது இரண்டரை சதவீதம். பன்னிரண்டு மாதத் தவணையோ ஐந்து லட்சம். துண்டு விழும் 3,30,000 ரூபாயை, அதாவது மாதம் 27,500 ரூபாயை, சம்பளத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும்.

வாடகை ஏறும் அல்லவா என்று கேட்பார்கள். ஏறும். வருடம் தவறாமல் 5 சதவீதம் ஏற்றினால் 18,000 ரூபாய் வாடகை 41,650 ரூபாயைத் தொடப் பதினெட்டு வருடம் ஆகும். இருபது வருடக் கடனில் பத்தொன்பதாவது வருடம்தான் வாடகை தவணையைக் கட்டும். அதற்குள் லிஃப்ட் மாற்ற வேண்டியிருக்கும், பக்கத்தில் புதிய அடுக்ககங்கள் எழுந்திருக்கும், இந்த வீடு இருபத்தைந்து வருடப் பழைய வீடாகியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வருடா வருடம் 5 சதவீதம் கூடுதலாகத் தரக் குடியிருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முதல் வருடத்தில் 48 லட்சத்துக்கான வட்டி மட்டும் சுமார் 4,05,000. கைப்பணம் 20.5 லட்சத்தை வைப்புநிதியில் போட்டிருந்தால் ஆறரை சதவீதத்தில் 1,33,000 வந்திருக்கும். இரண்டையும் கூட்டி வாடகையைக் கழித்தால் 3,68,000. அதாவது வீட்டின் விலை வருடத்துக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நஷ்டம் இல்லை. லாபம் அதற்கு மேலேதான் தொடங்கும். ஆகவே இது வாடகை வருமானத்துக்காகச் செய்யும் முதலீடு இல்லை. விலையேற்றத்தை நம்பிக் கடனில் கட்டும் பந்தயம். வாடகை அந்தப் பந்தயச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. தெரியாமல் இறங்குகிறவரைப் பற்றித்தான் கவலை.

கடன் வட்டியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தவணை ஏறியது, அல்லது தவணைக் காலம் பல வருடங்கள் நீண்டது. பிறகு 2025-ல் விகிதம் இறங்கியது உண்மைதான். ஆனால் வங்கி வட்டி ஏறிய அதே வேகத்தில் குடியிருப்பவரின் வாடகையை ஏற்ற எந்த வீட்டுக்காரராலும் முடியாது.

இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் வழக்கத்தின் பலங்களையும் குறைத்துச் சொல்லக் கூடாது. முதல் பலம், கட்டாயச் சேமிப்பு. மாதம் 27,500 ரூபாயைத் தாமாக எடுத்து வைக்கிறவர்கள் குறைவு. தவணை என்றால் எப்பாடுபட்டாவது கட்டிவிடுவார்கள். இருபது வருடம் கழித்துக் கையில் ஒரு வீடு நிற்கும். பங்குச் சந்தையில் போட்டிருந்தால் நடுவில் ஒரு சரிவில் பயந்து விற்றிருக்கக்கூடியவர், வீட்டை அப்படி விற்பதில்லை. அதன் விலை தினமும் தொலைக்காட்சியில் ஓடுவதில்லை, விற்பதும் எளிதில்லை. விற்கச் சிரமமாக இருப்பதே பலருடைய சேமிப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது பலம், கடன் அடைந்த பிறகு வருவது. ஓய்வூதியம் இல்லாத தனியார் ஊழியருக்கும், தன் பெயரில் சொத்து எதுவும் இல்லாமல் வாழ்ந்த பெண்ணுக்கும் மாதா மாதம் வரும் வாடகை பெரிய ஆதாரம். விலைவாசியோடு சேர்ந்து அதுவும் ஏறும், வைப்புநிதி வட்டி அப்படி ஏறாது. கணவர் இறந்தபின் ஒரு போர்ஷன் வாடகையிலேயே மருந்துச் செலவும் மளிகைச் செலவும் பார்த்து, யார் கையையும் எதிர்பாராமல் வாழும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இரண்டரை சதவீதம் என்ற கணக்கு அந்தத் தன்மானத்தை அளக்காது. ஆனால் கவனியுங்கள், அவர்களில் பெரும்பாலோர் கடனில்லாத வீட்டின் வாடகையில் வாழ்கிறவர்கள்.

கடனால் லாபம் பெருகும் என்பதும் சரிதான். இருபது லட்சம் போட்டு 60 லட்சம் வீட்டை வைத்திருப்பவருக்கு, விலை 10 சதவீதம் ஏறினால் போட்ட பணத்தில் முப்பது சதவீதம் ஏறியதுபோல். தேங்கினாலும் இறங்கினாலும் அதே பெருக்கம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். 2020-ல் பெருந்தொற்று வந்து மென்பொருள் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை என்றதும் ஓ.எம்.ஆர். பகுதியில் குடியிருந்த இளைஞர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக, தவணை மட்டும் ஓட, வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரே தொழிலை நம்பிய வட்டாரத்தில் வீடு வாங்கினால் வீட்டுக்காரரின் வாடகையும் அந்தத் தொழிலோடுதான் ஏறி இறங்கும். அவரே அதே தொழிலில் வேலை பார்ப்பவராக இருந்தால் வேலையும் வாடகையும் ஒரே நாளில் போகலாம்.

வருமான வரியில் லாபம் என்று சொல்லி விற்பதும் பழைய கதையாகிவிட்டது. வாடகையில் உள்ளாட்சி வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் இல்லாமல் கழிக்கலாம். இது நல்ல சலுகை, இன்றும் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக் கடனின் வட்டியையும் கழிக்கலாம். நம் கணக்கில் அப்படிக் கழித்தால் வீட்டுச் சொத்தில் 2,70,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டும். பழைய வரிமுறையில் இந்த நஷ்டத்தில் வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம். 2017-க்கு முன்பு அந்த வரம்பும் இல்லை. ஆனால் இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் இந்த நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது. வட்டி வாடகை வருமானத்தைப் பூஜ்யமாக்கும், அதற்கு மேல் உதவாது. புதிய முறைக்கு மாறிவிட்ட ஒருவரிடம் வரிச் சலுகையைக் காட்டி இரண்டாவது வீட்டை விற்பது நேர்மையான விற்பனை இல்லை. விற்கும்போதும் கணக்கு மாறியிருக்கிறது. 2024 ஜூலை 23-க்குப் பின் வாங்கிய வீட்டை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் வசதி கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவரின் வீடு என்றால் குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்து வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதற்குப் பயந்தே நல்ல குடித்தனக்காரர்கள் அப்படிப்பட்ட வீடுகளைத் தவிர்ப்பதுண்டு.

இப்போது நிலத்துக்கு வருவோம். பிளாட் வாங்குகிறவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு, பேச்சுவழக்கில் யு.டி.எஸ். பிளாட்டின் சதுர அடியைக் கேட்கும் பலர் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று கேட்பதில்லை. மனைப் பரப்பைப் போல் ஒன்றரை மடங்குதான் கட்டலாம் என்றிருந்த காலத்தில் தி.நகரிலும் அடையாறிலும் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்களில் 900 சதுர அடி வீட்டுக்கு 500, 600 சதுர அடி நிலப்பங்கு இருப்பது சாதாரணம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு இரண்டு மடங்கும், உயர்மாடிக் கட்டடத்துக்கு மூன்றேகால் மடங்கும் அனுமதித்தன. மாடி உயர உயர ஒவ்வொருவர் பங்குக்கு வரும் நிலம் குறைகிறது. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள பதினெட்டு மாடிக் கோபுரத்தில் வாங்கியவரைவிட, லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வாங்கியவர் இருபது வருடத்தில் நன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அவருடைய நிலப்பங்குதான் பேரம் பேசும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. ஒருவர் பிடிவாதத்தால் முப்பது வீடு காத்துக் கிடந்த நிலை இதனால் தளரும். பழைய பிளாட்டுக்கு வங்கி குறைவாகவே கடன் தரும் என்பது இதிலுள்ள குறை; கைப்பணம் அதிகம் வேண்டும்.

சொந்த மனையில் மாடிப் போர்ஷன் கட்டுவது வேறு கணக்கு. அதே தாம்பரம் பக்கம், கீழே சொந்த வீடு, மேலே 700 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 17.5 லட்சம். வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, தனி மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம் சேர்த்து 20 லட்சம் என்று தாராளமாகவே வைக்கலாம். வாடகை 12,000. பதினொரு மாதத்துக்கு 1,32,000. வரியும் பழுதுபார்ப்பும் 22,000 போக 1,10,000 மிஞ்சும். போட்ட பணத்துக்கு ஐந்தரை சதவீதம், பிளாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். காரணம் எளிது. நிலத்துக்குப் புதிதாக ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. போட்ட பணம் முழுவதும் வாடகை தரும் கட்டடத்தில் இருக்கிறது. பத்திரச் செலவு இல்லை, தரகு இல்லை. கடன் வாங்கினாலும் பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் முடியும், வாடகை அதன் தவணையை ஏறக்குறைய தாங்கும். வாடகையே தவணையைக் கட்டும் என்ற வாக்கியம் உண்மையாவது இங்கேதான்.

இதிலும் இறங்குமுன் பார்க்க வேண்டியவை உண்டு. கீழ்வீட்டு அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் வாய்வார்த்தை போதாது. சுவர் மேலேயே கூரை நிற்கும் பழைய வீடுகளில் மாடி எழுப்புவது உயிரோடு விளையாடுவது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாகவே அனுமதி பெறலாம் என்பதால், அனுமதியில்லாமல் கட்டுவதற்கு இப்போது சாக்கு இல்லை. போர்ஷனைத் தனியாக விற்க முடியாது என்பதும் ஒரு குறை. அதைவிடப் பெரிய விஷயம், குடியிருப்பவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவது யார், தொட்டி நிரம்பி வழிந்தால் யார் ஓடுவது, இரவு பத்தரை மணிக்கு வண்டியை உள்ளே தள்ளும்போது கேட்டை யார் திறப்பது, மாடியில் துணி காயப்போடும் கொடி யாருடையது? இந்தச் சின்ன விஷயங்களில்தான் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவு கெடுகிறது. படிக்கட்டு வெளியே, தண்ணீர்த் தொட்டி தனியாக, மின் மீட்டர் தனியாக என்று கட்டும்போதே செய்துவிட்டால் பாதிச் சண்டை பிறப்பதற்கு முன்பே தீரும்.

மின் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் அந்தக் குடும்பத்துக்கு அரசு தரும் சலுகையையும் சேர்த்துப் பறிக்கிறார்கள். முதலீட்டின் வருமானத்தை உயர்த்தும் வழியாக இதை யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிளாட்தான் வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கு: முன்பணம் கொடுப்பதற்கு முன் காகிதங்களைப் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு பார்த்தால் பார்வையே மாறிவிடும். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. திட்ட அனுமதி, கட்டடப் பணி நிறைவுச் சான்று, கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது ஆகியவற்றை உங்கள் செலவில், உங்களுக்காக வேலை செய்யும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்பது வங்கிக்கான பாதுகாப்பு. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் பத்திரத்தைக் காட்டி விலை குறைத்துத் தருகிறவரிடமிருந்து விலகிவிடுங்கள். புதிய கட்டடமானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்க்க வேண்டும். கட்டமைப்புக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் பில்டரே சரிசெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உரிமை. கட்டி முடியாத வீட்டுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. 5 சதவீதம், நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை. வாடகை நோக்கத்துக்கு முடிந்த வீடே மேல், ஏனென்றால் கட்டி முடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வாடகை இல்லாத மாதம்.

காகிதத்தில் வராத இரண்டு விஷயம் தண்ணீரும் வெள்ளமும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் கார்கள் மிதந்தன. அங்கே குடியிருந்தவர்களில் பலர் வேறு இடம் தேடினார்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீரை நம்பிய அடுக்ககங்களில் பராமரிப்புச் செலவு எகிறியது. கார்த்திகை மழையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தரைத்தளத்தில் குடியிருப்பவரிடமும் காவலாளியிடமும் தண்ணீர் எதுவரை வந்தது, லாரி எத்தனை வருகிறது என்று கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இனி குடித்தனக்காரர். பதினொரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ் என்பதே சென்னையின் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வழக்கத்தைப் பல இடங்களில் மறுக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பதினொரு மாதமோ மூன்று வருடமோ, அதை 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். காப்புத்தொகைக்கு மூன்று மாத வாடகையை அளவாகக் குறிக்கிறது. காலி செய்தபின் பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய 1960 சட்டம் வாடகையை உறையவைத்து வீட்டுக்காரர்களைப் பயமுறுத்தியது. இப்போது வாடகை இருவர் பேசி முடிவு செய்வது, தகராறுக்குத் தனி வாடகை நீதிமன்றம். வீட்டுக்காரருக்கும் சாதகமான இந்தச் சட்டத்தை வீட்டுக்காரர்களே பயன்படுத்துவதில்லை என்பது வேதனை. வருமானம் கணக்கில் வந்துவிடும் என்ற பயத்தில் பதியாமல் விடுகிறார்கள். பிறகு குடித்தனக்காரர் வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருந்தால், பதியாத காகிதத்தோடு அலைகிறார்கள்.

பத்து மாத அட்வான்ஸ் வீட்டுக்காரருக்கே ஆபத்து. 18,000 வாடகை வீட்டுக்கு வாங்கிய 1,80,000 ரூபாய் அவருடைய பணமில்லை. ஆனால் வாங்கியதும் அலமாரி செய்யவோ கடன் அடைக்கவோ போய்விடுகிறது. இரண்டு வருடத்தில் காலி செய்கிறேன் என்று குடியிருப்பவர் வந்து நிற்கும்போது, அடுத்தவர் அட்வான்ஸ் தந்தால்தான் தருவேன் என்று இழுத்தடிக்க நேர்கிறது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் என்ற வழக்கமும் அப்படியே. ஆறு வருடம் இருந்தவரிடம் பிடிப்பதற்கு நியாயம் உண்டு, ஒன்பது மாதம் இருந்தவரிடம் இல்லை. மூன்று மாத அட்வான்ஸை வாங்கித் தனி வைப்புநிதியில் போட்டு வைப்பவருக்கு இந்தத் தலைவலி வராது. குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம்பிடித்து, சாவி எத்தனை, விசிறி எத்தனை, எந்த டைல்ஸ் ஏற்கெனவே விரிசல், மீட்டர் எண் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள அரைமணி நேரம் போதும்.

வாடகையே வேண்டாம், ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருங்கள் என்ற லீஸ் முறையையும் புதிய வீட்டுக்காரர்கள் நாடுகிறார்கள். கையில் மொத்தப் பணம் வருவது வசதியாகத் தெரியும். அது வட்டியில்லாக் கடன். ஒருநாள் முழுவதையும் திருப்ப வேண்டும். வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை இப்படி விட்டு, தவணை தவறி வீடு ஏலத்துக்குப் போனால், தெருவில் நிற்பது வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்த குடும்பம். கடன் நிலுவையில் உள்ள வீட்டை லீஸுக்கு விடுவது ஒரு குடும்பத்தின் பணத்தை உங்கள் பந்தயத்தில் வைப்பதாகும். அதைச் செய்யவே கூடாது.

யாருக்கு விடுவது என்பதிலும் நம்மவர்கள் தங்களையே நஷ்டப்படுத்திக்கொள்கிறார்கள். சாதி கேட்பது, மதம் கேட்பது, அசைவம் சமைப்பீர்களா என்பது, தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் கதவைச் சாத்துவது. இது அநீதி, அதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. கணக்கிலும் இது கெட்டது. வாடகை தரத் தயாராக வரும் பத்துப் பேரில் ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வீடு வருடத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். நம் கணக்கில் அது 18,000 ரூபாய் கூடுதல் இழப்பு. கேட்க வேண்டியது, எங்கே வேலை, முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசலாமா, வாடகையை வங்கிக் கணக்கில் போடுவீர்களா என்பவைதான். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்துக்கு ஒரு வருடம் 500 ரூபாய் ஏற்றாமல் விட்டாலும் பரவாயில்லை. அவர்கள் காலி செய்தால் ஒரு மாத வாடகையும் தரகும் பெயின்ட்டும் உங்கள் தலையில்.

என் தீர்ப்பு இதுதான். சொந்த மனையும் தாங்கும் அஸ்திவாரமும் இருந்தால் மாடியில் கட்டுங்கள். அது இல்லாமல், கைப்பணம் பாதிக்கு மேல் இருந்தால், நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய தூரத்தில், பள்ளியும் மருத்துவமனையும் ரயில் நிலையமும் உள்ள பழைய வட்டாரத்தில், நிலப்பங்கு அதிகமுள்ள பிளாட்டைத் தேடுங்கள். நான்கில் மூன்று பங்கைக் கடனாக வாங்கிப் புறநகர்க் கோபுரத்தில் இரண்டாவது வீடு வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வீடு காலியாக இருந்தாலும் ஆறு மாதத் தவணை கட்டும் அளவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது என்பதால் போனஸ் வரும்போதெல்லாம் அசலைக் குறையுங்கள். உங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவரோடு போட்ட ஒப்பந்தம் பதிவாகவில்லை என்றால், இந்த மாதமே அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள்.